மினிபஸ்ஸுக்கு இடுப்பு வலி

கோவில்பட்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் நடுச்சுவரில் ஒரு வெடிப்பு உண்டு. கரிசல் மண்ணில் கட்டிய வீடு. கோடையில் மண் பிளந்தால் சுவரும் பிளக்கும், மழை பெய்தால் கொஞ்சம் கூடிக்கொள்ளும். ஆள் வைத்துப் பூசினாலும் அடுத்த சித்திரையில் அதே இடத்தில் திறந்துவிடும். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வீட்டுக்காரர்களான மைனியும் அண்ணாச்சியும். வெடிப்பு வழியாக எறும்பு வரும், பல்லிக்குஞ்சு வரும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மைனியின் பேச்சும் வரும்.

மைனி என்றால் அங்கே அண்ணி. ஆனால் இது உறவு பார்த்து வந்த பெயரில்லை. யாரோ ஒருத்தி முதலில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள், அது சிறுசு பெருசு எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. பங்குச் சாமியார்கூட மைனி என்றுதான் சொல்வார். அவள் பேச்சு காலையில் பாலில் தொடங்கும். "பொங்குத பாத்தியா, பொங்குத பாத்தியா, பொங்கிட்ட, சவம்" என்று பாலிடம் பேசுவாள். பிறகு அடுப்பிடம், வராத தண்ணீர்க் குழாயிடம், மாதா படத்திடம், காக்காயிடம். ஆள் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எனக்கோ வீட்டிலிருந்தபடியே ஒரு மிக்சி கம்பெனிக்குப் புகார் கேட்கும் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சம்பளத்துக்குப் பேசுகிறவள் நான். அதைக் கழற்றியபின் கட்டிய புருஷனிடம்கூட வாயைத் திறக்க அலுப்பாக இருக்கும். அவரும் கயத்தாறு பக்கம் காற்றாலை ஏறி இறங்கி, காது அடைத்துப்போய் வருகிறவர். எங்களுக்குள் தலையாட்டலிலேயே குடும்பம் ஓடியது. இப்படி ஒரு ஜோடிக்குப் பக்கத்துச் சுவரில் மைனியைக் கொண்டுவந்து வைத்தது ஆண்டவனின் குசும்பு என்றுதான் சொல்வேன். வெடிப்பில் பழைய சேலைத் துணியைத் திணித்துப் பார்த்தேன். துணி என்ன செய்யும், பாவம்.

ஒருமுறை மதுரையிலிருந்து ஓர் அம்மா மிக்சி ஜார் ஒழுகுகிறது என்று கூப்பிட்டிருந்தார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் மைனி யாரிடமோ ஒரு பெண் பார்க்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். புகாரைப் பதிவு செய்துவிட்டு, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. அந்தப் பொண்ணுக்கு மாப்பிள்ளையப் பிடிச்சிருந்துச்சா இல்லையா, அதை மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார் அந்த அம்மா.

இதை நான் ஆத்திரத்தோடுதான் மைனியிடம் போய்ச் சொன்னேன். அவளுக்குக் கொள்ளைச் சந்தோஷம். "பிடிச்சிருந்துச்சாம்னு சொல்லு பிள்ள. பாவம், மதுரைல இருந்துல்லா கேக்காவ" என்றாள்.

கழுகுமலை பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி, கதை முடியாமல் இறங்க மனமில்லாமல் சங்கரன்கோவில் வரை டிக்கெட் நீட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இப்படி நிறைய உண்டு. இதில் எனக்குப் பிடித்தது மௌனத் தியானத்துக்கு அவள் போன கதைதான். சாமியார் ரொம்ப நாளாக வற்புறுத்தி, மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருக்கும் தியானத்துக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டார். தெருவே கூடி வழியனுப்பியது. நானும் மூன்று நாள் நிம்மதி என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே, கடம்பூர் போளிப் பொட்டலமும் கையுமாக மைனி வாசலில் நின்றாள்.

"என்ன மைனி, வந்துட்டீங்க?"

"அங்கன ஒரே இரைச்சல் பிள்ள."

"யாரும் பேசக் கூடாதுல்லா?"

"யாரும் பேசல. எனக்குள்ளதான் இரைச்சல். வாயத் தொறந்து வெளிய விட்டாத்தான எனக்கு அமைதியா இருக்கும்?"

அண்ணாச்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். பகலெல்லாம் பாத்திரச் சத்தம், ராத்திரி மைனிச் சத்தம். மனுஷன் "ம்" என்பதைத் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த "ம்"மிலேயே ஏழெட்டு வகை வைத்திருந்தார். சரி என்பதற்கு ஒன்று, அப்படியா என்பதற்கு ஒன்று, சோறு போடு என்பதற்கு ஒன்று. மைனிக்கு எல்லாம் தெளிவாகப் புரியும்.

மைனியின் பேச்சை அலுக்காமல் கேட்கும் இன்னொரு ஜீவனும் அந்த வீட்டில் இருந்தது. சாம்பல் உடம்பில் கறுப்பு வரி போட்ட பூனை. எல்லா வாசலிலும் நின்று நின்று, ஒவ்வொரு வாசலிலும் எதையாவது வயிற்றில் ஏற்றிக்கொண்டு போகும் என்பதால் மினிபஸ் என்று பெயர். எங்கே சுற்றினாலும் மைனி மீன் கழுவ உட்கார்ந்தால் எதிரில் வந்து உட்கார்ந்துவிடும். மீனுக்காக என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மீன் வாங்காத நாளிலும் மைனி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே பேசுவாள், அது கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்.

மினிபஸ் முதல்முறையாக உண்டானபோது மைனியின் வாய் தரையில் நிற்கவில்லை. தெரு முழுக்கச் சொன்னாள், கடைத்தெருவில் சொன்னாள், கோயிலில் பூசை முடிந்து வருகிறவர்களை நிறுத்திச் சொன்னாள். கடைசியில் வளைகாப்பே வைத்துவிட்டாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எங்களுக்கு. வேகவைத்த சாளை மீன் அதற்கு. கண்ணாடி வளையல் பூனைக்கு எங்கே நிற்கும், கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். ஒவ்வொருத்தியும் அதன் நெற்றியைத் தடவி, "நல்லபடியா பெத்துப் பிழைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் தடவினேன். ரிப்பனைக் கடித்துத் துப்பிவிட்டு அது என்னை ஒரு பார்வை பார்த்தது.

மினிபஸ்ஸுக்கு வலி கண்ட நாள் எனக்கு வார லீவு. காலையில் தூங்கலாம் என்று படுத்திருந்தேன். மொட்டை மாடியிலிருந்து மைனி குரல்.

"ஏய், எல்லாரும் கேட்டுக்கிடுங்க. மினிபஸ்ஸுக்கு இடுப்பு வலி கண்டாச்சு."

எங்கள் பக்கத்தில் இடுப்பு வலி என்று காதில் விழுந்துவிட்டால் யாரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வருவதில்லை, அதோடேயே ஓடி வருவார்கள். கரண்டியோடு ஒருத்தி வந்தாள், பாதி பின்னிய சடையோடு ஒருத்தி வந்தாள். வெந்நீர் வந்தது, விளக்கெண்ணெய் வந்தது. சூட்டு வலியா பிள்ளை வலியா என்று பார்க்க வேண்டும் என்று ஒருத்தி சீரகக் கஷாயமே வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். மைனியின் படுக்கையறையில் அட்டைப் பெட்டிக்குள் மினிபஸ் கிடந்தது. சுற்றிலும் தெருப் பொம்பளைகள். நடுவில் மைனி, கோயில் திருவிழாவுக்கு மைக் பிடித்தவள் போல, வயிறு இப்போது எப்படி இருக்கிறது, கால் எப்படி இருக்கிறது என்று எல்லாருக்கும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் குட்டி வந்தது. கூடியிருந்தவர்கள் போட்ட சத்தத்தில் மினிபஸ் நடுங்கிப்போய், ஈரம் காயாத குட்டியைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடி, மூலையில் முடங்கிக்கொண்டது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வலியும் இல்லை, குட்டியும் இல்லை. வயிறு மட்டும் அப்படியே இருந்தது. கஷாயக்காரி கரண்டியை நீட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பார்த்தாள். மினிபஸ் ஒரு சீறு சீறியது, கஷாயம் அவள் சேலையிலேயே கொட்டியது.

மத்தியானம் ஆகியும் அசைவில்லை. மைனி முகம் வெளிறிவிட்டது. தாயையும் குட்டியையும் பெட்டியில் வைத்து, ஆட்டோவில் ஏறி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம், வரிசையில் நின்ற நேரமெல்லாம் மைனி பேசினாள். புதூர்ப் பக்கத்திலிருந்து ஆடு கொண்டுவந்த ஒரு பெரியவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "நீங்க முதல்ல போங்க தாயி. என் ஆட்டுக்கு வெறும் அஜீரணம்தான்" என்று இடம் விட்டார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். நிதானமாக வயிற்றைத் தடவிப் பார்த்தார், கையுறை போட்டுப் பார்த்தார், கருவியை வைத்துக் கேட்டார்.

"உள்ள இன்னும் இருக்கு. துடிப்பு நல்லா இருக்கு. வழியில எதுவும் சிக்கல. பயந்து போயிருக்கு, அதான் நிறுத்தி வச்சிருக்கு. பூனை அப்படிச் செய்யும்."

"ஊசி எதுவும் போடணுமா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"இப்ப வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் இருட்டான இடத்துல வைங்க. கூட்டம் வேண்டாம், சத்தம் வேண்டாம். ஆனா முக்கி முக்கிக் குட்டி வரலைன்னாலோ, கெட்ட வாடையோட தண்ணி வந்தாலோ, இருட்டுறதுக்குள்ள ஒண்ணுமே நடக்கலைன்னாலோ உடனே போன் பண்ணுங்க. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். அதுக்குத் திருநெல்வேலி போகணும்."

சத்தம் வேண்டாம் என்று சொல்லும்போது டாக்டர் மைனியைத்தான் பார்த்தார். மைனி வாயை மூடினாள். திரும்பி வரும் வழியில் ஆட்டோக்காரரே இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்தார், என்ன ஆச்சு இந்த அம்மாவுக்கு என்று.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் மைனி வேலையைத் தொடங்கினாள், எல்லாம் சைகையில்தான். கூட்டத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு வெளியேற்றினாள். ஒரு வீட்டில் குக்கர் விசிலடிக்கப் போகிறது என்று ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அந்த நேரம் பார்த்துக் காய்கறி வண்டி தெருவில் நுழைந்தது. "தக்காளி, வெங்காயம், கத்திரிக்காய்" என்று ஒலிபெருக்கி அலறிக்கொண்டு வர, மைனி நடுத்தெருவில் போய்க் கைகூப்பி நின்றாள். கண்ணில் தண்ணீர். பின்னால் தெருப் பொம்பளைகள் எல்லாம் வாய்மேல் கை வைத்து நிற்கிறார்கள். வண்டிக்காரர் ஒலிபெருக்கியைப் பட்டென்று நிறுத்தினார். கீழே இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.

"யாரு தவறுனது? அண்ணாச்சியா?" என்று மெல்லக் கேட்டார்.

அண்ணாச்சி அந்நேரம் கடையை அடைத்துவிட்டு அவருக்குப் பின்னால்தான் வந்து நின்றுகொண்டிருந்தார். "ம்" என்றார். இல்லை என்பதற்கான "ம்" அது.

மைனி என்னைத் தனியே இழுத்துப்போய்க் காதோடு சொன்னாள். "நீதான் ஊமைக்கோட்டான் மாதிரி இருப்ப. நீ உள்ள இரு. நான் ஒன் ரூம்ல இருக்கேன். என் மூச்சுச் சத்தம்கூட அதுக்கு ஆகாது."

இப்படித்தான் வாழ்நாளில் பூனையைத் தூக்கியே அறியாத நான் மருத்துவச்சி ஆனேன். மைனி அறையில் ஜன்னலை அடைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பெட்டிக்குள் மினிபஸ், அதன் பக்கத்தில் முதல் குட்டி. வீடு அமைதி, தெரு அமைதி. குடிவந்த நாள் முதலாக நான் கேட்டு ஏங்கிய அமைதி அது. கிடைத்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மினிபஸ்ஸுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். படுக்கவே இல்லை. எழுந்து கதவு வரை போனது, மெல்லக் கத்தியது, திரும்பி வந்தது. குட்டியை ஒருதரம் நக்கியது, விட்டுவிட்டு மறுபடி எழுந்தது. அறையைச் சுற்றிவந்து கடைசியில் நடுச்சுவருக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. தலை மேலே நிமிர்ந்திருந்தது, காது இரண்டும் அந்த வெடிப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தன. குட்டி இங்கே குளிரில் கீச்சுக்கீச்சென்றது. அது திரும்பவில்லை.

நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புத்தி வந்தது. பிறந்ததிலிருந்து இந்த வீடு அமைதியாக இருந்து அது பார்த்ததே இல்லையே. டாக்டருக்குப் போன் போட்டேன்.

"டாக்டர், இது வளர்த்தவங்களைத் தேடுது."

"அவங்க பக்கத்துல இல்லையா? கூட்டத்தைத்தானே வேண்டாம்னேன். அவங்க உள்ள வரட்டும்."

"வந்தாப் பேசுவாங்க."

"எப்பவும் பேசுவாங்களா?"

"எப்பவும்."

"அப்ப பேசட்டும். அதுக்கு அது சத்தமில்ல."

ஓடிப்போய் மைனியிடம் சொன்னேன். என் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். வர மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பிறகு வாயைத் திறந்தபோது குரல் உடைந்துவிட்டது.

"என் வாயாலதாம் பிள்ள அதுக்கு இந்தக் கதி. நான் மாடில ஏறிக் கத்தித்தான ஊரு கூடுச்சு. மாதாகிட்ட சொல்லிட்டேன், அதை உசுரோட குடுத்துரு, நான் இனிமே வாயே தொறக்க மாட்டேன்னு. இப்ப எப்படிப் போயிப் பேசுவேன்?"

அன்றைக்கு முன்னால் அவள் அழுது நான் பார்த்ததில்லை. கதவோரம் நின்றிருந்த அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"மாதாவுக்கே இந்நேரம் பயம் வந்திருக்கும், இவ சத்தத்தக் காணமேன்னு. ஏட்டி, போயிப் பேசு."

அண்ணாச்சி முழுதாகப் பேசி நாங்கள் இருவரும் கேட்டது அன்றுதான். அந்த அதிர்ச்சியிலேயே மைனி எழுந்துவிட்டாள்.

உள்ளே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு, "ஏட்டி மினிபஸ்ஸு" என்றாள். சுவரோரம் இருந்தது சட்டென்று திரும்பியது. "இங்கன வா. ஒனக்கு ஒரு சங்கதி சொல்லுதேன். அந்தத் தக்காளி வண்டிக்காரன் இருக்காம்லா, நம்ம வீட்ல எழவுன்னு நெனச்சிட்டான் கேட்டியா. தொப்பியக் கழத்திட்டு நிக்கான். பின்னாலயே அண்ணாச்சி உசுரோட நிக்காவ..."

மினிபஸ் வந்து பெட்டிக்குள் ஏறியது. குட்டியை இழுத்து வயிற்றோடு சேர்த்தது. மைனி தணிந்த குரலில் பேசிக்கொண்டே போனாள். கஷாயம் கொட்டிய சேலை எத்தனை வருஷத்துச் சேலை, அது எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது, அந்தக் கல்யாணத்தில் பந்தியில் என்ன சண்டை. பந்திச் சண்டையில் சாம்பார் வாளி பறக்கும் இடத்தில் மினிபஸ்ஸின் வயிறு இறுகித் தளர்ந்தது. இரண்டாவது குட்டி வந்தது. மைனி பேச்சை நிறுத்தவில்லை. "வந்துட்டியாட்டி, வா, கேளு, அந்த வாளி யார் தலைல விழுந்துச்சுன்னா" என்று அதையும் கதைக்குள் சேர்த்துக்கொண்டாள். தலையில் வாளி விழுந்த சம்பந்தி கோபித்துக்கொண்டு பஸ் ஏறும்போது மூன்றாவது வந்தது.

கடைசிக் குட்டிதான் எங்களை உலுக்கிவிட்டது. மினிபஸ் களைத்துப்போயிருந்தது. மேல் சவ்வோடு வந்து விழுந்த குட்டியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைனி, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தபடி சவ்வை விரலால் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, துண்டில் வைத்து முதுகைத் தேய்த்தாள். குட்டி அசையவில்லை. இன்னும் தேய்த்தாள். அது ஈரத் துணியாகத் துவண்டு கிடந்தது. மைனியின் பேச்சு அப்படியே நின்றுபோனது.

மினிபஸ் தலையைத் தூக்கியது. காது பின்னால் மடிந்தது. இன்னொரு தடவை இந்த வீட்டில் அந்த அமைதி வரக் கூடாது என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. ஏதாவது பேச வேண்டும். எனக்கு எந்தக் கல்யாணக் கதையும் தெரியாது, யார் வீட்டு வம்பும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வணக்கம். தங்கள் அழைப்புக்கு நன்றி. உங்களுக்கு எப்படி உதவலாம்? உங்கள் மிக்சி எந்த மாடல் என்று சொல்ல முடியுமா மேடம்? ஜார் ஒழுகுகிறதா? கவலைப்படாதீர்கள் மேடம், இணைப்பிலேயே இருங்கள்..."

மைனி தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் வாரண்டி விதிகளை முழுக்கச் சொன்னேன். மோட்டாருக்கு எத்தனை வருஷம், பிளேடுக்கு ஏன் கிடையாது என்றெல்லாம் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று நான் கேட்டபோது மைனியின் கைக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒரு கத்தல் வந்தது.

மைனி குட்டியை மினிபஸ்ஸின் மூக்குக்கு நேரே வைத்தாள். அது நக்கத் தொடங்கியது. மைனி சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்தாள், சிரிப்பும் அழுகையுமாக.

"ஏ பிள்ள, ஒனக்குப் பேச வருமா? இம்புட்டு நாளும் எங்கட்டி வச்சிருந்த?"

வெளியே அண்ணாச்சி சொன்னாரா, இல்லை சுவரே சொன்னதா தெரியாது, அடுத்த நிமிஷம் தெருவில் குக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விசிலடித்தன. மைனி மொட்டை மாடிக்கு ஏறினாள். மாதாவிடம் சொன்ன நேர்ச்சை என்ன ஆயிற்று என்று பின்னாளில் கேட்டேன். "அவளுக்குத்தான் என்னயத் தெரியும்லா, சிரிச்சிருப்பா" என்றாள்.

கடைசியாக வந்தது பெட்டை. அதற்கு வணக்கம் என்று பெயர் வைத்தாள் மைனி. என் கணவருக்கு உடுமலைப் பக்கம் காற்றாலைக்கு மாற்றல் வந்தபோது, அதை ஒரு கூடையில் வைத்து என் கையில் கொடுத்தாள். "ஒன் சத்தத்தக் கேட்டு வந்த பிள்ள, ஒன்கூடத்தான் இருக்கணும்" என்று சொல்லி, பஸ் கிளம்பிய பிறகும் அதை எப்படி வளர்க்க வேண்டும் என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே ஓடிவந்தாள். எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவர் கதை பாதியில் நின்றதே என்று வருத்தப்பட்டார்.

உடுமலை வீட்டில் வெடிப்பே இல்லாத சுவர். எட்டுத் திக்கும் அமைதி. வந்த முதல் நாள் வணக்கம் சோறு தின்னவில்லை, சுவரோரம் போய் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். அலுப்பாகத்தான் இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏட்டி வணக்கம், இன்னைக்கு ஒரு அம்மா போன் பண்ணுச்சு கேட்டியா, மிக்சில மஞ்சளப் போட்டு அரைச்சிட்டு, ஜாரு மஞ்சளாயிருச்சின்னு சண்டைக்கு வருது..." என்று தொடங்கினேன். அது வந்து மடியில் படுத்துக்கொண்டது.

அன்று தொடங்கியதுதான், இன்னும் முடியவில்லை. பூனை தூங்கிப்போனாலும் கதையைப் பாதியில் விட எனக்கு மனம் வருவதில்லை. மிச்சத்தை என் கணவரிடம் சொல்கிறேன். அவர் "ம்" என்கிறார். போன வாரம்தான் கவனித்தேன், அதில் அவருக்கும் நாலைந்து வகை வந்துவிட்டது.